போக்கரில் சுமாரான சீட்டு வந்தால் என்ன செய்வது? கடைசியாக ஆடுபவருக்கு இருக்கும் அந்த ஒரு வசதி!

போக்கரில் மோசமான சீட்டு வந்தால் பெரிய சிக்கல் இல்லை. தூக்கிப் போட்டுவிடலாம். 'ஜெயிச்சிடலாம் போலிருக்கே' என்று ஆசை காட்டும் சுமாரான சீட்டுதான் பலரின் கையைக் கடிக்கிறது. அதை எப்படி ஆடுவது? எளிமையாகப் பார்ப்போம்.

ஆட்டம் எப்படி?

உலகம் முழுக்க அதிகம் ஆடப்படுவது 'டெக்சாஸ் ஹோல்டெம்'. ஒவ்வொருவர் கையிலும் 2 சீட்டு. மேஜையில் எல்லோருக்கும் பொதுவாக 5 சீட்டு: முதலில் 3 (ஃப்ளாப்), பிறகு 1 (டர்ன்), கடைசியில் 1 (ரிவர்). ஒவ்வொரு கட்டத்திலும் பெட் வைக்கலாம், அல்லது பெட் வைக்காமல் 'செக்' சொல்லி நகரலாம்.

ஃப்ளாப்புக்குப் பிறகு, 'டீலர் பட்டன்' வைத்திருப்பவர்தான் கடைசியாக ஆடுவார். எதிராளி என்ன செய்தார் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதே இவருக்குப் பெரிய பலம்.

ஓர் உதாரணம்

உங்கள் கையில் ஏஸ், 9. மேஜையில் கிங், 9, 4, மூன்றும் வேறு வேறு சின்னம். உங்களிடம் இருப்பது 9 ஜோடி. நடுவில் இருப்பது 1000 சிப்ஸ். எதிராளி ஒருவர்தான், அவர் 'செக்' சொல்கிறார்.

இப்போது பெட் வைத்தால் என்ன ஆகும்? உங்களைவிடச் சின்ன சீட்டு வைத்திருப்பவர் பெரும்பாலும் விலகிவிடுவார். கிங் வைத்திருப்பவர் விடாமல் தொடர்வார். அவர் ரைஸ் செய்து உங்களைத் திணறடிக்கவும் வாய்ப்பு உண்டு.

நீங்களும் 'செக்' சொன்னால் அந்தச் சுற்று அங்கேயே முடிந்துவிடும். யாரும் ரைஸ் செய்ய முடியாது.

கணக்கு என்ன சொல்கிறது?

மூன்று கட்டத்திலும் நடுவில் இருப்பதில் பாதியை பெட் வைத்தால் 500, 1000, 2000 என மொத்தம் 3500 சிப்ஸ் போகும். ஒரு கட்டத்தில் 'செக்' சொன்னால் 500, 1000 என 1500-தான். ஒரே ஒரு 'செக்', பாதிக்கும் மேல் மிச்சம்!

இன்னொரு லாபமும் உண்டு. 'இவர்கிட்ட ஒண்ணும் இல்ல' என்று நினைத்து எதிராளி ரிவரில் வெறும் மிரட்டலாக பெட் வைக்கலாம். 1000 இருக்கும் இடத்தில் அவர் 500 வைத்தால், நீங்கள் 500 கொடுத்து 1500-க்குப் போட்டியிடுகிறீர்கள். நான்கில் ஒரு தடவை ஜெயித்தாலே கைக்காசு போகாது. அவர் மறுபடியும் 'செக்' சொன்னால், சின்னதாக ஒரு பெட் வைத்துப் பார்க்கலாம்.

ரிஸ்க் இல்லையா?

இருக்கிறது. 'செக்' சொன்னால் எதிராளிக்கு அடுத்த சீட்டு இலவசம். அவரிடம் குயின், 7 இருந்தால், மீதமுள்ள 45 சீட்டில் 3 சீட்டு அவருக்கு உங்களைவிடப் பெரிய ஜோடி தரும். அதாவது சுமார் 7 சதவீதம். இது தாங்கக்கூடிய ரிஸ்க்தான்.

ஆனால் மேஜையில் ஒரே சின்னத்தில் இரண்டு சீட்டு இருந்து, அவர் கையிலும் அதே சின்னத்தில் இரண்டு இருந்தால், அடுத்த சீட்டிலேயே அவருக்கு ஃப்ளஷ் விழ 20 சதவீத வாய்ப்பு. அந்த மாதிரி இடத்தில் இலவசமாக விடாமல் பெட் வைப்பதே பெரும்பாலும் சரி.

கவனிக்க வேண்டியது

கணக்கு தெரிந்தாலும் சீட்டு சாதகமாக விழும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2025 ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்திய அரசின் ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்கிறது. நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, ரூ.1 கோடி வரை அபராதம். 'பணம் போடுங்க, ஜெயிங்க' என்று ஏதாவது போக்கர் ஆப் லிங்க் வந்தால் தொடாமல் இருப்பதே நல்லது. வீட்டில் வெறும் சிப்ஸ் வைத்து ஆடினாலே இந்தக் கணக்கு எல்லாம் பிடிபட்டுவிடும்.