மாடித் தொட்டியில் பிறக்கும் மலேரியா

கால்வாய் அல்ல, தொட்டி

சென்னையில் மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கொசுத் தொல்லை என்றாலே பழி பக்கிங்ஹாம் கால்வாயின் தலையில் விழுகிறது. அந்தச் சாக்கடை நீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். அது மலேரியாவைப் பரப்பாது. ஸ்டீபன்சி தேடுவது தெளிந்த நீரை: மாடியில் மூடியில்லாத சின்டெக்ஸ் டேங்க், கிணறு, லாரித் தண்ணீர் பிடித்துவைத்த டிரம், கட்டடம் கட்டும் இடத்துத் தேங்கல். முட்டை கொசுவாகிப் பறக்க, இங்குள்ள வெப்பத்தில் ஏறத்தாழ பத்து நாள் போதும்.

ஒரே ஒரு சேர்க்கை

கடிப்பது பெண் மட்டுமே. முட்டை வளர இரத்தப் புரதம் வேண்டும். ஆண் தாவரச் சாற்றிலேயே காலம் தள்ளும். பெண் பொதுவாக வாழ்நாளில் ஒருமுறைதான் சேரும். அப்போது பெற்ற விந்தணுக்களை உடலுக்குள் ஒரு சிறு பையில் சேர்த்துவைத்து, இரத்தம் குடிக்கும்போதெல்லாம் அவற்றைக் கொண்டே அடுத்தடுத்து முட்டையிடும். முதலில் வந்த ஆண் மலடு என்றால் அந்தப் பெண்ணின் முட்டைகள் அத்தனையும் வீண்.

இக்கொசுவுக்கு மூன்று சோடி குரோமோசோம்கள். மனிதரைப் போலவே பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும். ஸ்டீபன்சியின் ஒய் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவைப் பெண் கருவில் செலுத்தினால் அக்கரு பிழைப்பதில்லை என்று 2016இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினர். கடிக்காத ஆண்களை மட்டும் உருவாக்கும் வழி இதில் இருக்கிறது.

கூண்டும் திறந்தவெளியும்

ஒரு பெற்றோரிடம் ஒற்றைப் பிரதியாக உள்ள மரபணு, வாரிசுகளில் பாதிக்கே போய்ச் சேரும். மரபணு உந்துகை (ஜீன் டிரைவ்) என்னும் நுட்பம் இந்தக் கணக்கை மாற்றுகிறது. 2015இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தினர் இதே ஸ்டீபன்சியில், மலேரியா எதிர்ப்பு மரபணுவை ஏறத்தாழ 99 சதவீத வாரிசுகளுக்குக் கடத்தினர். 2018இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியினர் ஆப்பிரிக்கக் கொசுவான அனாஃபிலிஸ் காம்பியேயில் இதே உந்துகையால் 'டபுள்செக்ஸ்' மரபணுவைச் சிதைத்தனர். இரு பிரதிகளும் சிதைந்த பெண்ணால் கடிக்கவும் முடியவில்லை, முட்டையிடவும் முடியவில்லை; கூண்டிலிருந்த கொசுக்கூட்டம் 7 முதல் 11 தலைமுறைகளில் அற்றுப்போனது. இவை ஆய்வகச் சாதனைகள்.

திறந்தவெளிக்கு வந்தது வேறொரு முறை. ஆப்பிரிக்க நாடான ஜிபூட்டியில் 2024 மே மாதம், பெண் வாரிசுகள் பிழைக்காதபடி மாற்றப்பட்ட ஸ்டீபன்சி ஆண்களை ஆக்சிடெக் நிறுவனம் பறக்கவிட்டது. தெற்காசியக் கொசுவான ஸ்டீபன்சி அந்நாட்டில் தென்பட்டது 2012இல்தான். மலேரியா ஒழிந்த நாடு என 2016இல் சான்று பெற்ற இலங்கையிலும், அதே ஆண்டு முடிவதற்குள் மன்னாரில் அது அகப்பட்டது.

இந்தியாவுக்கு இத்துறை புதிதல்ல. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் (ஐ.சி.எம்.ஆர்) டெல்லியில் நடத்திய கொசு மரபியல் பிரிவு, உயிரியல் போருக்கான ஆய்வு என்ற குற்றச்சாட்டில் சிக்கி 1975இல் மூடப்பட்டது. கொசுவைப் பறக்கவிடுமுன் ஊராரிடம் பேச வேண்டும் என்பது அறிவியலுக்கு வெளியே உள்ள விஷயமல்ல. இன்று பெங்களூருவில் டாடா மரபியல் மற்றும் சமூக நிறுவனம் ஸ்டீபன்சியின் மரபணுக்களை ஆராய்கிறது.

இப்போதைக்கு

வடசென்னையில் இன்றைய ஆயுதங்கள் பழையவைதான்: தொட்டிக்கு இறுக்கமான மூடி, கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்து, கிணற்றில் அப்புழுவைத் தின்னும் கம்பூசியா மீன். மாடியேறித் தொட்டியைப் பார்க்க வரும் மாநகராட்சிப் பணியாளருக்குக் கதவு திறக்கப்பட வேண்டும்.

குளிர்நடுக்கத்துடன் காய்ச்சல் வந்தால் இரத்தப் பரிசோதனை அவசியம். அரசு சுகாதார நிலையங்களில் இது இலவசம். சென்னையில் பெரும்பாலும் காணப்படும் வைவாக்ஸ் என்னும் மலேரியா ஒட்டுண்ணி கல்லீரலில் பதுங்கி, மாதங்கள் கழித்தும் தலைதூக்கும். அதனால்தான் பிரைமாகுயின் மாத்திரை 14 நாள் தரப்படுகிறது. காய்ச்சல் விட்டதும் பாதியில் நிறுத்தக் கூடாது. இங்கே மனித மரபணுவும் குறுக்கிடுகிறது: ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு இம்மாத்திரை இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது தரப்படுவதில்லை.