திரும்ப வரும் கண்கட்டி: சதைப் பரிசோதனை அவசியம்

கீழ்பென்னாத்தூர் பக்கம் இமையில் கட்டி வந்தால் முதலில் தேடுவது நாமக்கட்டியைத்தான். உரைத்துப் பூசினால் அமுங்கிவிடும் என்பார்கள். சாதாரணக் கண்கட்டி பூசாவிட்டாலும் பெரும்பாலும் தானே அமுங்கும்; பெயர் மட்டும் நாமக்கட்டிக்குப் போய்விடுகிறது. அமுங்காத கட்டியில்தான் சிக்கல்.

இமைக்குள் எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பிகள் வரிசையாக இருக்கின்றன. மேல் இமையில் 30 முதல் 40 வரை, கீழ் இமையில் சற்றுக் குறைவு. அவற்றின் வாய் அடைத்தால் கண்கட்டி. அதே சுரப்பியில் புற்று வந்தாலும் பார்வைக்கு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும்: வலிக்காத, கெட்டியான சிறு முடிச்சு, சில சமயம் மஞ்சள் சாயலோடு. மேலை நாடுகளில் இது அபூர்வம். அங்கே அதிகம் வருவது வெயிலால் உண்டாகும், பெரும்பாலும் கீழ் இமையில் தோன்றும் வேறு வகை. நம் நாட்டில் இரண்டுமே உண்டு.

வலி இல்லை என்பதால், "மல்லாட்டை பிடுங்கி முடியட்டும்" என்று தள்ளிப்போடுகிறார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு, எடுத்த இடத்திலேயே கட்டி மறுபடி வந்தால் தள்ளிப்போடக் கூடாது. கட்டி உள்ள இடத்தில் இமைமுடி உதிர்வது, ஒரு கண் மட்டும் மாதக்கணக்கில் சிவந்து சொட்டுமருந்துக்கு அடங்காமல் இருப்பது, புண் ஆறாமல் ரத்தம் கசிந்து பொருக்குத் தட்டுவது ஆகியவையும் எச்சரிக்கைதான்.

கண்ணால் பார்த்து மட்டும் எந்த மருத்துவரும் உறுதி சொல்ல முடியாது. கட்டியைச் சுரண்டி எடுக்கும்போது, அந்தச் சதையைப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம். குப்பைக்குப் போகும் அந்தத் துணுக்கில்தான் விடை இருக்கிறது.

புற்று என்று தெரிந்தால், சுற்றியுள்ள நல்ல தோலிலும் சில மில்லிமீட்டர் சேர்த்து அறுத்தெடுப்பார்கள். ஓரங்களில் நோய் மிச்சமில்லை என்று நுண்ணோக்கியில் பார்த்த பிறகு, கன்னத்துத் தோலையோ மற்ற இமையின் திசுவையோ கொண்டு இமையைச் சீரமைப்பார்கள். காதுக்கு முன்னும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். அறுவை முடியாதவர்களுக்குக் கதிர்வீச்சு. முற்றவிட்டால் கண்ணையே எடுக்க வேண்டி வரலாம்.

முதலில் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சைக்குச் சென்னையில் 1819-ல் தொடங்கிய எழும்பூர் அரசு கண் மருத்துவமனையும், 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டுபோகலாம்; புற்றுநோய்ச் சிகிச்சைகளும் அந்தத் திட்டத்தில் உண்டு.

குணமான பிறகும் மருத்துவர் சொல்லும் தவணைகளில் சில ஆண்டுகளுக்குக் காட்ட வேண்டும். பரிசோதனை அறிக்கையை நகல் எடுத்துப் பட்டா, சிட்டாவோடு சேர்த்து வைத்தால் தேடும்போது கிடைக்கும்.