டிஸ்பிளேயில் மைனஸ் 18... இறால் ஏன் இளகுது?

பசியாவரத்தில் டீப் ஃப்ரீசர் வைத்து இறால், நண்டு சேமித்து விற்பவரா நீங்கள்? டிஸ்பிளே மைனஸ் 18 என்று காட்டும். பொட்டலத்தை அழுத்தினால் விரல் பதியும். ‘நம்பர் சரியாத்தானே இருக்கு’ என்று விட்டுவிடாதீர்கள். முதலில் சரக்கை ஐஸுக்கு மாற்றுங்கள். பழவேற்காட்டிலிருந்து மெக்கானிக் ஏரியைத் தாண்டி வரும்வரை அது தாங்க வேண்டுமே!

டிஸ்பிளே காட்டுவது மீனின் குளிரை அல்ல; பெட்டியின் ஓர் ஓரத்தில் இருக்கும் சென்சார் உணர்வதை. பெரும்பாலும் இது தெர்மிஸ்டர் வகை. குளிர் கூடினால் இதன் மின்தடையும் கூடும். நம்ம ஊர் உப்புக்காற்று இங்கேதான் வேலையைக் காட்டுகிறது. வயர் இணைப்பில் பச்சை பூத்தால் மின்தடை ஏறும். போர்டு அதைக் கூடுதல் குளிர் என்று எடுத்துக்கொண்டு கம்ப்ரசரைச் சீக்கிரமே நிறுத்திவிடும். இணைப்பில் ஈரம் இறங்கினால் நேர்மாறு: இல்லாத சூட்டைக் காட்டும், கம்ப்ரசர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் எகிறும்.

எது உண்மை? மைனஸ் அளவு காட்டும் தனி தெர்மாமீட்டர் ஒன்று போதும் (காய்ச்சல் பார்ப்பது உதவாது). டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், கொஞ்சம் குடிதண்ணீர், கலக்கி மூன்று நிமிடம் வையுங்கள். 0 டிகிரி காட்டினால் தெர்மாமீட்டர் சரி. ஏரித்தண்ணி வேண்டாம். உப்பு கலந்தால் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும். பிறகு அதைப் பொட்டலங்களுக்கு நடுவே வைத்து ராத்திரி முழுக்க மூடிவிடுங்கள். காலையில் திறந்ததும் பாருங்கள். ஓரிரு டிகிரி வித்தியாசம் சகஜம். ஐந்து, ஆறு என்றால் கோளாறுதான்.

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இதையும் பாருங்கள். மைனஸ் 18க்குப் பதில் 0 காட்டுகிறதா? அளவு ஃபாரன்ஹீட்டுக்கு மாறியிருக்கலாம்; 0 ஃபாரன்ஹீட்டும் மைனஸ் 18 செல்சியஸும் ஏறக்குறைய ஒன்றே. ‘பி1’, ‘இ1’ போன்ற எழுத்து வந்தால் பெரும்பாலும் சென்சார் பழுது (கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கையேட்டைப் பாருங்கள்). ‘டி-இ-எஃப்’ பழுதே இல்லை. பெட்டி தானாக ஐஸ் உருக்கும் நேரம் அது. மூடி ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சுலபமாக வந்தால் குளிர் அந்த வழியாகப் போகிறது. போர்டை மட்டும் நீங்கள் கழற்றாதீர்கள்.

சாயங்காலம் மட்டும் டிஸ்பிளே மங்குகிறதா? குறைந்த மின்னழுத்தம் காரணமாக இருக்கலாம். மின்னகம் 94987 94987 எண்ணில் புகார் சொல்லலாம்.

வாரண்டி இருந்தும் விற்றவர் இழுத்தடித்தால், டிஸ்பிளேயும் தெர்மாமீட்டரும் ஒன்றாகத் தெரிகிற மாதிரி செல்போனில் படம் எடுத்து, பில்லோடு வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள்.