ஊலாங் தேயிலையின் சுவை

தேநீரில் இரு வகைகளை நாம் நன்கு அறிவோம். ஒன்று, பாலும் சர்க்கரையும் சேர்த்துப் பருகும் கருந்தேயிலை; மற்றொன்று பச்சைத் தேயிலை. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பது ஊலாங். மூன்றும் ஒரே இனச் செடியின் இலைகளே. வேறுபாடு பக்குவத்தில் இருக்கிறது.

வாழைக்காயை நறுக்கி வைத்தால் வெட்டுவாய் கறுத்துவிடுவதை நம் இல்லங்களில் காண்கிறோம் அன்றோ? காயின் சாறு காற்றிலுள்ள பிராணவாயுவோடு சேர்வதால் நேர்வது அது. தேயிலையிலும் இதுவே நிகழ்கிறது. கருந்தேயிலையில் இம்மாற்றத்தை முற்றவிடுகிறார்கள். பச்சைத் தேயிலையில் தொடக்கத்திலேயே சூடு காட்டித் தடுத்துவிடுகிறார்கள். ஊலாங் செய்வோரோ இலையை வெயிலில் வாட்டி, நிழலில் பரப்பி, விட்டுவிட்டுக் குலுக்குகிறார்கள். இலையின் ஓரம் கன்றி, நறுமணம் எழும் வேளையில் சூடேற்றி மாற்றத்தை நிறுத்துகிறார்கள். இதனைப் புளிக்கவைத்தல் என்று சொல்வதுண்டு. ஆயினும் நுண்ணுயிர்களுக்கு இதில் வேலையில்லை.

தைவான் தீவில் தைப்பே நகரை அடுத்த பிங்லின் மலைப்பகுதி, பௌச்சோங் என்னும் ஊலாங்குக்குப் பெயர்பெற்றது. காகிதத்தில் பொதிந்து விற்ற பழைய வழக்கத்தால் வந்த பெயர் இது. ஊலாங் வகைகளுள் மிக மெல்லிய பக்குவம் உடையவற்றுள் இதுவும் ஒன்று.

சுவை காண்பதற்கு முறையொன்று உண்டு. 1980-இல் வகுக்கப்பெற்ற அனைத்துலக அளவுமுறைப்படி, 100 மில்லி லிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் இலையிட்டு 6 நிமிடம் மூடிவைத்தல் வேண்டும். குறைகளும் வெளிப்படவே இவ்வளவு நேரம். வீட்டில் பருகுவதற்குக் கொதி சற்று அடங்கிய நீரும் இரண்டு மூன்று நிமிடங்களும் போதும். அதே இலையில் மீண்டும் நீர் வார்க்கலாம். பாலும் சர்க்கரையும் வேண்டா.

வெண்ணிறக் கிண்ணத்தில் வடித்தால், பசுமை கலந்த இளமஞ்சள் நிறம் தோன்றும். முதலில் முகர்வோம், மலரின் மணம் வரும். பின்னர், காற்றோடு சேர்த்துச் சிறிது உறிஞ்சுவோம். ஓசை எழுந்தால் நாணவேண்டியதில்லை. மணம் மூக்கை எட்டும் வழி அதுவே. விழுங்கியபின் காத்திருப்போம். நெல்லிக்காய் தின்று நீர் பருகினால் ஊறும் இனிமையைப் போன்றதோர் இனிமை தொண்டையில் எழுமாயின், அது நல்ல தேயிலை.

ஆனால் இரசாயன உரமும் பூச்சிமருந்தும் இன்றி விளைந்ததா என்பதை நாவு சொல்லாது. தோட்டத்தைச் சோதித்து வழங்கும் சான்றே சொல்லும். பிங்லின் வழியே ஓடும் ஆறு, 1987-இல் கட்டிமுடிக்கப்பெற்ற பெய்த்சுய் நீர்த்தேக்கத்தை அடைகிறது. தைப்பே மக்களின் குடிநீருக்கு அது ஒரு முக்கிய ஆதாரம். சரிவில் தெளிக்கும் மருந்து அந்நீரைச் சேரக்கூடும். அங்கு இயற்கை வேளாண்மை, தேநீரே பருகாதவர்க்கும் உரிய காரியம்.

நீலகிரியிலும் ஆனைமலையிலும் கொழுந்து பறிக்கும் நம் பெண்களை எண்ணிப் பார்ப்போம். தெளித்த மருந்து கிண்ணத்தை எட்டுமுன் அவர்கள் கைகளையே எட்டுகிறது. எந்த ஊரில் இருந்து தேயிலை வாங்கினாலும், மணத்தோடு சான்றையும் பார்த்து வாங்குதல் நமக்கும் அவர்களுக்கும் நன்மையாகும்.