இறங்காத ரேஸ்

ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த பிறகும் காரின் ரேஸ் இறங்கவில்லை, மெக்கானிக் கூடுதலாக ஒரு ஸ்பிரிங் மாட்டி அனுப்பிவிட்டார், இது போதுமா என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். போதாது. எங்கே சிக்குகிறது என்று பார்க்காமல் பலமாக இழுத்துக் கட்டினால் கோளாறு மறையும், போகாது. மலைப்பாதையில் இறங்கும்போது அது மறுபடி தலைகாட்டினால் என்ன செய்வது?

அவருடையது கேபிள் வைத்த பழைய பெட்ரோல் கார். பெடலை மிதித்தால் கேபிள் இழுபட்டு, காற்றுக் குழாயில் உள்ள வட்டத் தகடு திறக்கும் என்பது ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். நம் கால் திறப்பதோடு சரி. மூடுவது முழுக்க ஸ்பிரிங்கின் வேலை. ஒரு ஸ்பிரிங் அறுந்தாலும் இன்னொன்று தகட்டை மூடியாக வேண்டும் என்று அமெரிக்கா 1973-லிருந்தே சட்டமாக வைத்திருக்கிறது. மிதித்தால் எவ்வளவு வேகம் போகும் என்று கேட்டு வாங்குகிற நாம், விட்டால் ஒழுங்காகத் திரும்புகிறதா என்று ஒருநாளும் பார்ப்பதில்லை.

பார்ப்பது சுலபம். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, பானட்டைத் திறந்து, கேபிளின் நுனி மாட்டியிருக்கும் சின்னச் சக்கரத்தைக் கையால் திருப்பி விடுங்கள். டக்கென்று மூட வேண்டும். தயங்கினால் கேபிளைக் கழற்றிவிட்டு மறுபடி திருப்புங்கள். இப்போது டக்கென்று மூடினால் குற்றம் கேபிளில். இப்போதும் தயங்கினால் அந்த வட்டத் தகடு இருக்கும் த்ராட்டில் பாடியில்.

கேபிளில் என்றால், பெரும்பாலும் உறைக்குள் ஓர் இழை அறுந்து சுருண்டு மாட்டிக்கொண்டிருக்கும், அல்லது கேபிள் எங்கோ மடங்கியிருக்கும். புதிதாக மாற்றுவதுதான் வழி. எண்ணெய் விட்டு ஒப்பேற்ற வேண்டாம்; அது தூசியைச் சேர்த்துப் பசையாக்கும். த்ராட்டில் பாடியில் என்றால் கரிப்பசை. இது வெளிக்காற்றின் அழுக்கு அல்ல. இன்ஜினுக்குள் உண்டாகும் எண்ணெய் ஆவியைப் புகையாக வெளியே விடாமல் மறுபடி காற்றுக் குழாய்க்கே அனுப்புகிறார்கள். அது தகட்டின் விளிம்பில் கறுப்பு வளையமாகப் படிகிறது. அதற்கென்று விற்கும் ஸ்ப்ரேயை அடித்து, மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும். கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் த்ராட்டிலாக இருந்தால் தகட்டை விரலால் தள்ளாதீர்கள், பல்சக்கரம் கெடும். துடைத்த பின் ஐட்லிங் ஏறி இறங்கினால் பயப்பட வேண்டாம். அழுக்குத் தகட்டுக்குப் பழகிய கம்ப்யூட்டரைப் புதிதாகப் பழக்க வேண்டும், அவ்வளவுதான்.

என்னை வெகுநாளாக ஈர்த்து வைத்திருப்பது எலக்ட்ரானிக் பெடலின் கதை. அதில் கேபிள் இல்லை. பெடல் எவ்வளவு அமுங்கியது என்பதை சென்சார் படித்து மின்குறியாக அனுப்புகிறது. கேபிள் போனதும் அதன் உரசலும் போயிற்று. ஆனால் அந்த உரசல் நமக்குத் தேவையாக இருந்தது! அது இல்லாவிட்டால் பெடல் காலை உதைத்துக்கொண்டே இருக்கும், ஒரே வேகத்தில் பிடித்து ஓட்டக் கால் வலிக்கும். ஆகவே பெடலுக்குள் வேண்டுமென்றே ஓர் உரசு கட்டையை வைத்தார்கள். எங்கள் பழைய வீட்டில் ஒரு மர அலமாரி இருந்தது. கீல் இறுக்கம் என்பதால் கதவை எந்தக் கோணத்தில் விட்டாலும் அப்படியே நிற்கும். ஐப்பசி மழையில் ஊறிவிட்டால் அசையவே அசையாது. டொயோட்டாவின் சில பெடல்களுக்கும் இதுவேதான் நேர்ந்தது. உரசு பரப்பு தேய்ந்து, ஹீட்டர் போடும்போது ஈரமும் படிய, பெடல் மெதுவாகத் திரும்பியது. சில சமயம் பாதியில் நின்றது. 2010 ஜனவரியில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 23 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். மருந்து என்ன தெரியுமா? உரசலைக் குறைக்க உள்ளே செருகிய ஒரு சின்ன எஃகுத் துண்டு. மென்பொருளில்தான் பேய் இருக்கிறது என்று ஊரே பேசியபோது நாசா பொறியாளர்களைக் கூப்பிட்டு ஆராயச் சொன்னார்கள். தானாக வேகம் ஏறச் செய்யும் எலக்ட்ரானிக் கோளாறு எதையும் அவர்கள் காணவில்லை என்று 2011-ல் அறிக்கை வந்தது.

அதற்கு முன்பே, 2009 ஆகஸ்டில், சான் டியாகோ அருகே ஒரு லெக்ஸஸ் காரில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். ஓட்டியவர் அனுபவமுள்ள நெடுஞ்சாலைக் காவலர். காரில் கிடந்தது வேறு மாடலுக்கான ரப்பர் மிதியடி. அது பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. நம் ஊரில் கம்பெனி மிதியடியின் மேல் கடை மிதியடி, அதன் மேல் செருப்பு மண்ணுக்காக ஒரு பழைய துண்டு என்று அடுக்குகிறோம். காலடியில் தண்ணீர் பாட்டிலை உருட்டி விடுகிறோம். தயவுசெய்து டிரைவர் பக்கம் ஒரே மிதியடி போடுங்கள், அதையும் கொக்கியில் மாட்டுங்கள்.

ஓடும்போதே சிக்கிக்கொண்டால், பிரேக்கை ஒரே மூச்சில் பலமாக மிதித்து, விடாமல் பிடியுங்கள். விட்டு விட்டு மிதிக்கவே கூடாது. த்ராட்டில் திறந்திருக்கும்போது பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் உண்டாவதில்லை. சேமிப்பில் இருப்பது இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். அதே நேரம் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டு வாருங்கள். இன்ஜின் கத்தும், கத்தட்டும். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திய பின் அணைக்கலாம். ஓட்டத்திலேயே அணைக்க நேர்ந்தால் சாவியை லாக் வரை திருப்பாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். பட்டன் வைத்த வண்டியில் ஒரு தட்டுத் தட்டினால் பெரும்பாலும் அணையாது. அந்த லெக்ஸஸில் மூன்று விநாடி அமுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. உங்கள் வண்டியில் எப்படி என்று கையேட்டை எடுத்து இன்று இரவே பாருங்கள், வீட்டில் ஓட்டுகிற மற்றவர்களுக்கும் காட்டுங்கள்.