வைட் லென்ஸில் பின்னணி மங்குமா? ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா சொல்லும் கணக்கு

போனில் போர்ட்ரெய்ட் மோடைத் தட்டினால் போதும், பின்னால் இருக்கும் கடை, சுவர், ஆட்கள் எல்லாம் கரைந்துவிடும். முடி ஓரத்தையும் கண்ணாடி ஃபிரேமையும் பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டி ஒட்டியது பல படங்களில் தெரிந்துவிடும். அது மென்பொருள் போடும் பிளர்.

லென்ஸே போடும் பிளர் வேறு. ஆனால் 35 மி.மீ., 28 மி.மீ. மாதிரியான வைட் ஆங்கிள் லென்ஸ்களில் அது வராது என்றுதான் பலரும் சொல்வார்கள். வரும். லைக்கா எம் போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா வைத்திருப்பவர்கள், சில லட்சம் கொடுத்து 35 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் வாங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்கு எளிது. லென்ஸின் குவியத் தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் ஒளி நுழையும் திறப்பின் விட்டம் கிடைக்கும். 35-ஐ 1.4-ஆல் வகுத்தால் 25 மி.மீ. போட்டோகிராபர்கள் போர்ட்ரெய்ட்டுக்கு விரும்பும் 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸில் இதுவே 60 மி.மீ. போனின் மெயின் கேமராவில் குவியத் தூரமே 7 மி.மீ. அளவுதான், எஃப் 1.8 என்றால் திறப்பு வெறும் 4 மி.மீ.

இந்தத் திறப்புதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ரொம்பத் தொலைவில் எரியும் ஒரு விளக்கு, நீங்கள் ஃபோகஸ் செய்த ஆளின் முகத்துக்குப் பக்கத்தில் இந்தத் திறப்பின் அளவுக்கு ஒரு வட்டத்தைப் பிடித்த மாதிரி படத்தில் விழும். 85-இல் சின்ன சாத்துக்குடி அளவு. 35-இல் இரண்டு ரூபாய் நாணயம். போனில் மிளகு!

நாணயம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். 35 மி.மீ. லென்ஸில் ஆள் 3 மீட்டர் தள்ளி நின்றால், சட்டகத்தின் அகலமும் ஏறக்குறைய 3 மீட்டர். அதில் நாணயம் எந்த மூலைக்கு? 70 செ.மீ. தூரத்துக்கு வந்தால் அகலமும் சுமார் 70 செ.மீ. ஆகிவிடும், மங்கல் பளிச்சென்று தெரியும். கூடவே ஒரு தலைவலி: கூர்மையாக இருக்கும் பகுதி 3 செ.மீ. அளவுக்குச் சுருங்கிவிடும். கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் காது போச்சு.

ரேஞ்ச்ஃபைண்டரின் சிக்கலும் இங்கேதான். இரண்டு ஜன்னல் வழியாக வரும் பிம்பங்களை ஒன்றாகப் பொருத்தி தூரத்தை அளக்கும் கருவி அது. லைக்கா எம் கேமராவில் அந்த இணைப்பு 70 செ.மீ.-க்குக் கிட்டே வேலை செய்யாது. 2022-இல் வந்த 35 மி.மீ. சம்மிலக்ஸ் லென்ஸ் 40 செ.மீ. வரை ஃபோகஸ் ஆகும். ஆனால் 70-ஐத் தாண்டிக் கிட்டே போனால் திரையைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும். அதைவிட விசித்திரம், வியூஃபைண்டரில் பின்னணி மங்கலாகவே தெரியாது. நீங்கள் பார்ப்பது லென்ஸ் வழியாக அல்ல, தனி ஜன்னல் வழியாக. எல்லாமே கூர்மையாக இருக்கும். எவ்வளவு மங்கும் என்பதை மனக்கணக்கில்தான் போட வேண்டும்.

லென்ஸ் பெரிதாக இருந்தால் அந்த ஜன்னலையே மறைக்கும். அதனால் இவற்றைச் சின்னதாகச் செய்கிறார்கள். விளைவு, சட்டகத்தின் ஓரங்களில் ஒளி கொஞ்சம் வெட்டுப்பட்டு, விளக்கு வட்டங்கள் பூனைக் கண் மாதிரி நீள்கின்றன. சிலருக்கு அது குறை. சிலர் அதற்காகவே பழைய லென்ஸ் தேடுகிறார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது அரைகுறை மங்கல்தானே என்று கேட்கலாம். எனக்கு அந்த அரைகுறைதான் பிடித்திருக்கிறது. ஒன்றரை மீட்டரில் எடுத்த 35 மி.மீ. படத்தில் ஆள் தனித்துத் தெரிவார். பின்னால் இருப்பது டீக்கடையா, ரயில் நிலையமா என்றும் தெரியும். 85 பெரும்பாலும் இடத்தையே துடைத்துவிடும். போர்ட்ரெய்ட் மோடும் அதைத்தான் செய்கிறது.

லைக்கா வாங்காமலே சோதித்துப் பார்க்கலாம். போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிட்டு, மெயின் கேமராவில் காபி டம்ளரை 25 செ.மீ. தூரத்தில் வைத்து எடுங்கள். பின்னணி சில மீட்டராவது தள்ளி இருக்கட்டும். போன் தானாக மேக்ரோவுக்கு மாறினால் அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு லென்ஸுக்குத் தாவிவிடும். டம்ளர் ஓரத்தில் வெட்டு, ஒட்டு எதுவும் இருக்காது.