ஸ்ரீநகர் - லே: தரையில் 420 கி.மீ., வானில் 255 கி.மீ.

புது தில்லி: ஸ்ரீநகர், லே விமான நிலையங்களுக்கு இடையிலான வான்வழித் தொலைவு ஏறக்குறைய 255 கி.மீ. நேரடி விமானம் இதனை சுமார் முக்கால் மணி நேரத்தில் கடந்துவிடும். சாலை வழியே சென்றால் தொலைவு சுமார் 420 கி.மீ. வழியில் கார்கிலில் இரவு தங்கி, மறுநாள் லே சென்று சேர்வோரே அதிகம்.

நேரடி விமானம் இல்லாத நாளில் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. ஸ்ரீநகரிலிருந்து தில்லிக்கு சுமார் 640 கி.மீ.; தில்லியிலிருந்து லேவுக்கு சுமார் 620 கி.மீ. ஆக, 255 கி.மீ. தொலைவில் உள்ள ஊருக்குச் செல்ல 1,260 கி.மீ. பறக்க வேண்டும், அதற்கேற்பக் கட்டணமும் செலுத்த வேண்டும்.

1948 மே மாதம் விமானப்படை அதிகாரி மெஹர் சிங், ஜெனரல் திம்மையாவுடன் டகோட்டா விமானத்தை லேவில் முதன்முதலாக இறக்கினார். லடாக்கைக் காத்த அந்த ஓடுதளமே இன்றைய விமான நிலையத்தின் தொடக்கம். லடாக்கின் மக்களவை உறுப்பினராக இருந்த குஷோக் பகுலா ரிம்போச்சேயின் பெயரை அது தாங்கியுள்ளது.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,250 மீட்டர் உயரத்தில் உள்ள லேவில் காற்றின் அடர்த்தி குறைவு. வெயில் ஏற ஏற அது மேலும் குறைவதால், முழு எடையுடன் விமானம் மேலெழும்ப இயலாது. பிற்பகலில் காற்றும் பலமாக வீசும். எனவேதான் பெரும்பாலான விமானங்கள் காலையிலேயே வந்து திரும்புகின்றன. 2024 ஜூலையில் வெப்பம் அதிகரித்ததால் அங்கு விமானங்கள் ரத்து செய்யப்பட்டன.

குளிர்காலத்தில் சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஜோஜிலா கணவாய் பனியால் மூடப்படும்போது, அதிகம் தவிப்பது நடுவில் உள்ள கார்கில். அங்கு ஓடுதளம் உண்டு. ஆயினும் குளிர்காலத்தில் மக்கள் நம்பியிருந்தது விமானப்படையின் ஏ.என்.-32 விமானத்தைத்தான். வானிலை அனுமதித்தால் மட்டுமே அதுவும் பறக்கும். நோயாளிக்கும் தேர்வெழுதச் செல்லும் மாணவருக்கும் காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

முன்பு மாதக்கணக்கில் மூடிக் கிடந்த கணவாய், 2025-ல் 32 நாள்களே மூடப்பட்டிருந்தது. எல்லைச் சாலைகள் அமைப்பின் உழைப்பு இதற்குக் காரணம். சுமார் 13 கி.மீ. நீள ஜோஜிலா சுரங்கப்பாதைக்கு 2018 மே 19-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்கு முன்னதாக உள்ள சோனாமார்க் சுரங்கப்பாதை 2025 ஜனவரி 13-ல் திறக்கப்பட்டது. இரண்டும் ஒருசேரப் பயன்பாட்டுக்கு வரும்போதுதான் ஆண்டு முழுவதும் சாலைத் தொடர்பு சாத்தியமாகும்.

2019 அக்டோபர் 31-ல் சட்டப்பேரவை இல்லாத யூனியன் பிரதேசமாக லடாக் உருவானது. பரப்பளவில் நாட்டின் மிகப் பெரிய தொகுதியான அதற்கு மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். சுற்றுலாப் பயணிக்கு விமானம் ஒரு வசதி. லடாக் மக்களுக்கோ குளிர்காலத்தில் அதுவே சாலை. விமான சேவையை லாப நஷ்டக் கணக்கால் மட்டும் அளக்காமல், எல்லைப்புற மக்களின் அடிப்படைத் தேவையாக மத்திய அரசு கருத வேண்டும்.